பாதித் தூரம் முன்னால் போன கார்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் பிரியர்களுக்கான ஒரு மாத இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: வேகக் காருக்குப் பின் அச்சின் பல் விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. தெரியாததை எழுதுவதுதான் என் பிழைப்பு என்பதால் ஒப்புக்கொண்டேன்.

விவரம் கேட்கத் தென்காசிக்குப் போனேன். ஆய்க்குடி சாலையில் ஆதம் என்பவரின் பட்டறை. பழைய கார்களின் பின் அச்சு வேலைக்குப் பெயர்போனவர். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அலமாரியின் மேல்தட்டில் எண்ணெய்க் காகிதம் பிரிக்காத ஒரு கிரவுன் பினியன் செட், பின் அச்சுக்குள் மாட்டும் பல்சக்கர ஜோடி, இருந்தது. புத்தம் புதுசு. யாருடையது என்று கேட்டேன்.

"ஒரு பிள்ளை மாட்டச் சொல்லி குடுத்துது. மாட்டல" என்றார் ஆதம். பிறகு டீ சொல்லிவிட்டு வருவதாகப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி நானாகக் கட்டியது. (கட்டுரை போகவே இல்லை. இதழாசிரியர் இரண்டு முறை போன் செய்தார். இப்போது செய்வதில்லை.)

2

கட்டுரைக்காக எழுதிய ஒரே பத்தியை வீணாக்க மனமில்லை. கதைக்கும் அது வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் இந்த விகிதம். அதை நிர்ணயிப்பவை இரண்டு பல்சக்கரங்கள். சின்னது பினியன், பெரியது கிரவுன். விகிதத்தைப் பெரிதாக, நாலரை என்று வைத்தால் கார் நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்பும். ஆனால் எஞ்சின் சீக்கிரமே தன் எல்லையைத் தொட்டுக் கதறும், அதற்குமேல் வேகம் கிடையாது. சிறிதாக, மூன்றரை என்று வைத்தால் கிளம்புவது மந்தம். நீண்ட சாலையில் போகப்போக வேகம் கூடிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. கியர் மாதிரி ஓட்டும்போது மாற்றிக்கொள்ளவும் முடியாது. உள்ளே வைத்து மூடினால் மூடியதுதான். எது இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது.

கடைசி வாக்கியத்தை எழுதியபோதுதான் கட்டுரை என் கையை விட்டுப் போனது.

3

முதல் தொடக்கம்: "கொடி விழுந்ததும் அனுசியாவின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு" — வேண்டாம். இது நாலரைத் தொடக்கம். முதல் வரியில் உங்களை இழுத்துவிடும், மூன்றாம் பத்தியில் மூச்சு முட்டும்.

இரண்டாம் தொடக்கம்: "குற்றாலத்தில் சாரல் விழுகிற நாளில் ஆலங்குளத்தில் வெயில் காய்வது புதிதல்ல, இரண்டு ஊருக்கும் நடுவே" — இது மூன்றரை. இந்த வேகத்தில் போனால் அனுசியா வருவதற்குள் நீங்கள் போய்விடுவீர்கள்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். அனுசியா மெக்கானிக்கல் படித்தவள். குற்றாலம் சாலையில் வீடு. ஒரு பழைய காண்டஸா காரை வாங்கி, வருடக்கணக்காகத் தானே பிரித்துப் பூட்டி அதை வேகக் காராக்கியிருந்தாள். ஆலங்குளம் பக்கம் இன்னும் திறக்காத நான்குவழிச் சாலைத் துண்டில் ஒரு மோட்டார் கிளப் அனுமதி வாங்கி ஒரு கிலோமீட்டர் ஓட்டம் நடத்தியது. நேர்கோடு, வளைவே இல்லை. இரண்டிரண்டு பேராக ஓட வேண்டும், தோற்றவர் வெளியே. கடைசியில் ஜெயிப்பவரைக் கோயம்புத்தூர் அணி ஒன்று தன் ஓட்டுநராகச் சேர்த்துக்கொள்ளும். வீட்டை விட்டுப் போவதற்கு, யாரும் திருப்பிக் கூப்பிட முடியாத ஒரு காரணம் அவளுக்கு வேண்டியிருந்தது. அது இதுதான்.

நேர்கோட்டுக்கு மூன்றரை. அவளே கணக்குப் போட்டாள், அவளே செட்டை வரவழைத்து ஆதமிடம் கொடுத்தாள்.

"நாலரை போட்டா நல்லாப் பாயுமே, தங்கச்சி."

"பாயுதது பெருசு இல்ல அண்ணாச்சி. கடைசி வரைக்கும் போவணும்."

4

இனி அப்பாவைக் கொண்டுவர வேண்டும். இவரிடம்தான் எனக்குத் தகராறு.

முத்துராமலிங்கம், ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர். மகளைத் தடுக்கிற அப்பா என்று எழுதினால் என் வேலை சுலபம். கத்த வைக்கலாம், கார்ச் சாவியைப் பிடுங்க வைக்கலாம். இவர் எதையும் தொடக்கத்தில் தடுக்கவே மாட்டார். மெக்கானிக்கல் படிக்கிறேன் என்றாள், பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களை அவரே வாயடைத்தார். சென்னை வேலைக்குப் போனபோது அவரே பெட்டியைத் தூக்கிப் பொதிகை ரயிலில் ஏற்றினார். மூன்றாம் மாதம் அம்மாவுக்குத் தலைச்சுற்றல் என்று போன் வந்தது. அலறியடித்துக்கொண்டு வந்து பார்த்தால் அம்மா தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கார் விஷயத்திலும் அப்படித்தான். கல்யாண வீடுகளில் அவர் பேச்சே "எம் மவ ரேஸ் ஓட்டுதா" என்றுதான் தொடங்கும்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. புளியறை மலைப்பாதையில் லாரிக்கடியில் சிக்கிய காரிலிருந்து ஓர் இளம்பெண்ணின் உடலை அவர் தன் கையால் எடுத்ததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அது இருந்தால் நீங்கள் அவரை மன்னித்துவிடுவீர்கள். எழுதும்போது நானே மன்னித்துவிட்டேன்.]

அவர் ஆதமின் பட்டறைக்குப் போனார்.

"ஆதம், அவ குடுத்தத எடுத்து மேல வையி. நாலரையப் போட்டு மூடு."

"அண்ணாச்சி, அந்தப் பிள்ள கணக்குப் போட்டுல்லா குடுத்திருக்கு."

"நானும் கணக்குப் போட்டுத்தாம்ப்பா சொல்லுதேன். ஓட்ட வேண்டாம்னா சொன்னேன்? நல்லா ஓட்டட்டும். ஊரு பாக்கட்டும். கோயம்புத்தூருக்குப் போவ வேண்டாம், அவ்வளவுதான்."

ஆதம் மாட்டினார். அவருக்கு ஏன் வாயில்லை என்று கேட்காதீர்கள். பட்டறை வைத்திருக்கும் ஒருவர் முன்னாள் போலீஸ்காரரிடம் எத்தனை தடவை மறுத்துப் பேசுவார் என்பது தென்காசிக்காரர்களுக்குத் தெரியும்.

5

அனுசியாவுக்கு ஓட்டிப் பார்க்க வாய்ப்பில்லை. வேலை முடியவில்லை, முடியவில்லை என்று இழுத்தடித்து, ஆதம் காரை லாரியில் ஏற்றி நேரே ஓட்டம் நடக்கும் இடத்துக்கே அனுப்பிவிட்டார்.

கொடி விழுந்தது, கார் பாய்ந்தது. மூன்றரைக்கு இவ்வளவு பாய்ச்சலா என்று அவளுக்கே ஆச்சரியம். ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. பக்கத்துச் சிவப்புக் கார் பின்தங்கிப் போனது. பந்தலில் அப்பா எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார்.

பாதித் தூரத்தில் எஞ்சின் கதறத் தொடங்கியது. டாப் கியரில்தான் இருந்தாள். மிதியைத் தரையோடு தரையாக மிதித்திருந்தாள், அதற்குமேல் மிதிக்க இடமில்லை. முள் நூற்று அறுபதைத் தாண்டி நின்றது. சிவப்புக் கார் அதற்கு உடன்படவில்லை. பக்கத்தில் வந்தது, அவசரமே இல்லாமல் தாண்டியது.

(அந்த முள் கியர் பெட்டியிலிருந்து ஓடுவது. பின் அச்சில் பல்லை மாற்றிய சேதி அதற்குப் போகாது. பழைய கணக்கிலேயே, ஓடுகிற வேகத்தைவிடக் கூட்டிக் காட்டி, மனசாரப் பொய் சொல்லும்.)

முதல் சுற்றிலேயே வெளியே. அப்பா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாதித் தூரம் நீதான்ட்டி முன்னால போன. எல்லாரும் பாத்தாவ."

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அது உண்மையான கண்ணீர்.

6

மறுநாள் வீட்டு வாசலில், சாரலில், அனுசியா ஒரு பக்கப் பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினாள். சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, அடியில் ஓடும் ஷாஃப்டில் ஒரு கோடு. தரையில் படுத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினாள். (ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் சக்கரம் இரண்டு சுற்று வந்தால்தான் கணக்குக்கு ஒன்று. அவசரக்காரர்கள் இதை மறந்து பாதி விடையோடு எழுந்துவிடுவார்கள். அவள் மறக்கவில்லை.)

அப்பா குடையோடு வந்தார். "நனையுதியேட்டி" என்று அவளுக்கு மேலே விரித்துப் பிடித்தார். "என்னத்த எண்ணுத?"

அவள் இரண்டாவது சுற்றையும் முடித்தாள். ஷாஃப்டின் கோடு மூன்றரையில் நின்றிருக்க வேண்டும். அது நாலைக் கடந்து, இன்னொரு அரைச் சுற்றும் போய் நின்றது. இன்னொரு முறை சுற்றினாள். அங்கேயேதான் வந்து நின்றது.

"ஆதம் அண்ணாச்சிட்ட நீங்க பேசுனியளா?"

"பேசுனேன்." கொஞ்சமும் தயங்கவில்லை. "எம் பிள்ளைக்கு எவ்வளவு போதும்னு எனக்குத் தெரியாதா?"

குடை அவள் மேலேயே இருந்தது. அவர் முழுக்க நனைந்துகொண்டிருந்தார்.

7

முடிவுகள்.

அ) அப்பா மனம் மாறி, அந்த மூன்றரைச் செட்டைத் தானே வாங்கிவந்து கொடுக்கிறார். இதை எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். தப்பு செய்ததாக நினைப்பவர்தானே மாறுவார்.

ஆ) அனுசியா பெட்டியோடு பொதிகையில் ஏறுகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் எங்கே போவாள்? கோயம்புத்தூர் இடம் சிவப்புக் காரை ஓட்டியவனுக்குப் போய்விட்டது. கைதட்டுக்காக ஒரு பெண்ணை ரயிலேற்றிவிட்டு, அவள் இறங்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்படாத கதைகளை நான் நிறையவே எழுதிவிட்டேன்.

இ) ஜாக்கியை இறக்கிவிட்டு அனுசியா சொல்கிறாள்: "ஏறுங்கப்பா."

அவர் சந்தோஷமாக ஏறுகிறார். ஆலங்குளம் சாலை. மிதியைத் தரைவரை மிதிக்கிறாள். எஞ்சின் கதறுகிறது, முள் நூற்று அறுபதைத் தாண்டி நிற்கிறது. பின்னாலிருந்து, அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பத்தின் இன்னோவா ஒன்று, கண்ணாடிக்குள் ஈரத்துண்டுகள் தொங்க, அவர்களைத் தாண்டிப் போகிறது. அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை கையாட்டுகிறது.

"இதுக்கு மேல போவாதுப்பா."

முத்துராமலிங்கம் அந்தக் குழந்தைக்குப் பதிலுக்குக் கையாட்டிவிட்டுச் சொல்கிறார்: "இது போதும்லா, அனு."

8

எழுதுவதையே கதையாக்கும் இந்த வகைக் கதையில் கடைசியாக ஒரு சலுகை உண்டு. முடிவை வாசகரிடம் கொடுத்துவிட்டு எழுதுகிறவர் கையைக் கழுவிக்கொள்ளலாம். அதற்காகத்தான் இதை இந்த வடிவத்தில் எழுதத் தொடங்கினேன். எவ்வளவு தூரம் எழுதுவது, எங்கே நிறுத்துவது என்று முதல் வரிக்கு முன்பே முடிவு செய்து, உள்ளே வைத்து மூடிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது. அனுசியாவுக்கும் தெரியாது.

அவள் இன்னும் அந்தச் சாலையில்தான் இருக்கிறாள். ஆதமின் மேல்தட்டில் அந்தச் செட் இன்னும் காகிதம் பிரிக்காமல் இருக்கிறது. ஒரு பத்தி எழுதினால் அதை இறக்கிவிடலாம். அடுத்த வருடம் இன்னொரு ஓட்டம் வைக்கலாம். நான் எழுதவில்லை. பாதிவரை அவளைத்தானே முன்னால் விட்டேன், எல்லாரும் பார்த்தார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மிதியிலிருந்து காலை எடுக்காமல் அவள் என் பக்கம் திரும்புகிறாள்.

"இதுக்கு மேல போவாதா?"

நீங்கள் யாராவது பதில் சொல்லுங்கள். என் வாயில் ஒரே ஒரு வாக்கியம்தான் வருகிறது. அதை அவளுடைய அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.