கல்கட்டு

இந்தக் கல்லுக்குப் பின்னாலிருந்து மட்டும் ஏன் குளிர் வருகிறது? நேற்று எடுத்த கற்களுக்குப் பின்னால் வெறும் மண்தான் இருந்தது. இங்கே யாரோ வாயைத் திறந்து மூச்சு விடுவதைப் போல இருக்கிறதே.

யசோதினி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கல்லை இடுப்பில் சாய்த்து ஏணியடிக்குக் கொண்டுபோய் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். கூரைத் தகரத்தின் மேல் முழங்கால் ஊன்றியிருந்த மாமனார் வீரய்யா குனிந்து வாங்கிக்கொண்டார்.

தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். மேட்டைத் தாங்கி மார்பளவுக்குக் கல்கட்டு நின்றது. அதற்கு மேல் உச்சி வரை தேயிலை. காற்று வரப்போகிறதென்றால் கல்கட்டின் மேல்வரிசைக் கற்களை உருவித் தகரத்தின் மேல் வைப்பது இந்த லயத்தின் வழக்கம். காற்று போனதும் திருப்பி அடுக்குவார்கள், பாதியை. இந்தத் தடவை ரேடியோ இரண்டு நாட்களாகச் சூறாவளி என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் மேல்வரிசை போதவில்லை. நான்காவது வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

"என்ன யசோ, கல்ல கைப்புள்ள மாதிரி தூக்கிட்டுப் போற? பேரு வச்சிட்டியா?" பக்கத்துக் காம்பராவின் பின்வாசலில் நின்று குணமணி கேட்டாள்.

"மேட்டுப் பீலில ஊத்துத் தண்ணி நின்னுருச்சுக்கா. பாத்தீங்களா?"

"எல கிலை அடைச்சிருக்கும்."

"மூணு நாளா மழ கொட்டுது. கோடையில கூட நிக்காத பீலி."

"ஆரம்பிச்சிட்டியா? கொஸ்லந்தக்காரிக்கு மண்ணப் பாத்தாலே காச்ச வந்துரும். அப்புடியே ஸ்கூலுக்குப் போவோம்னு சொல்லு, என் மிச்சக் கோழியையும் எவனாவது தூக்கிட்டுப் போகட்டும்."

யசோதினி சிரிக்க முயன்றாள். அவள் பிறந்த கொஸ்லந்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது எல்லோருக்கும் தெரியும். போன வருஷ மழையில் மலை முனகுகிறது என்று சொல்லிப் பன்னிரண்டு குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பியவள் அவள்தான். மூன்று இரவு பெஞ்சுகளில் படுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தபோது குணமணியின் கோழிகளைக் காணவில்லை. அன்றிலிருந்து யசோதினிக்குத் தன் காதுகளின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. எது மலையின் சத்தம், எது தன் நெஞ்சின் சத்தம் என்று பிரிக்கத் தெரியவில்லை. சற்று முன்புதான் கணவன் கஜேந்திரன் கொழும்பிலிருந்து போன் எடுத்திருந்தான். "அப்பா சொல்றதக் கேளு. போன தடவ மாதிரி மானத்த வாங்காத." சரி என்றுதான் சொன்னாள். தன் பயத்தை மற்றவர்களைச் சுமக்க வைப்பது ஒரு வகைத் திமிர்தானோ என்று தோன்றியது.

மழை விட்டிருந்தது. குருவிச் சத்தமோ நாய்ச் சத்தமோ இல்லை. கல்கட்டுக்குத் திரும்பும்போது துணி காயப்போடும் கொடிக்கம்பி அவள் மார்பில் தட்டியது. ஒரு முனை வீட்டுச் சுவரிலும் மறுமுனை மேட்டில் நட்ட இரும்புக் குழாயிலும் கட்டிய கம்பி. காலையில் தொய்ந்து கிடந்ததென்று அவள்தான் இழுத்துக் கட்டினாள். அப்போது அது தலைக்கு மேலே இருந்தது. முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். கட்டிய முறுக்கு அப்படியே இருந்தது. கம்பியில் துணி எதுவும் இல்லை. குழாயும் சாயவில்லை, நட்ட மாதிரியே நிமிர்ந்து, நட்ட இடத்தைவிட ஒரு சாண் வீட்டுக்குக் கிட்டே நின்றது.

"அம்மா," துவாரகா வாசலில் நின்றாள். ஏழு வயதுக் குரல், புகார் சொல்லும் தொனி. "கதவு சாத்த மாட்டேங்குது. நா சாத்துறேன், அது தன்னால தொறக்குது."

யசோதினி மகளின் காலில் செருப்பை மாட்டிவிட்டாள். குடையைக் கையில் கொடுத்தாள். "நேரா பள்ளிக்கூடத்துக்குப் போ. அம்மா தாத்தாவக் கூட்டிட்டு வாறேன். யாரு கூப்புட்டாலும் திரும்பி வராத." பிள்ளை படியிறங்கி லயத்தின் மூலையைத் தாண்டும் வரை பார்த்து நின்றாள். குணமணியும் பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்தவள் சற்று விலகி நின்று அந்தச் சுவரைப் பார்த்தாள்.

"யசோ! என்ன செய்யிற? இன்னும் ஒரே ஒரு கல்லு. இந்த மூலத் தகரம் ஆடுது தாயி." கூரையிலிருந்து வீரய்யாவின் குரல்.

அவள் கல்கட்டின் அருகே போனாள். ஐந்தாவது வரிசையில் ஒரு கல் தானாகவே பாதி வெளியே வந்திருந்தது, எடுத்துக்கொள் என்பதைப் போல. அதன் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். உள்ளே தள்ளினாள். அது போகவில்லை. மிக மெதுவாக, தூங்குகிறவரின் முதுகு அசைவதைப் போல, அது அவள் கைகளைத் திருப்பித் தள்ளியது.

"கல்லக் குடு தாயி. காத்து வந்துரும்."

கைகளை எடுத்துக்கொண்டாள். ஏணியடிக்கு வெறுங்கையோடு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இல்ல மாமா. எறங்கி வாங்க."

உரக்கச் சொல்லவில்லை. வீரய்யா அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் மேட்டைப் பார்த்தார். தகர விளிம்பைத் தாண்டி நீட்டிய கையை அவர் இன்னும் மடக்கவில்லை. மழை மறுபடியும் தொடங்கி, அந்தக் கையின் குழியில் நிறைந்து, விரலிடுக்குகள் வழியே அவள் முகத்தில் சொட்டியது.