படத்தில் இல்லாத தூசி

என் கணவர் கியாரி இறந்து இரண்டு வருடமாகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஜூல்தேயின் சிரிப்புதான் முதலில் காதில் விழுகிறது. அதை மறைத்துவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் விமானத்தளத்து வானிலை அறையில் மூவரும் வேலை பார்த்தோம். நான் மொட்டைமாடிக்காரி. மேலே நின்று, தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா, அதற்கப்பால் பாறைக்குன்று தெரிகிறதா என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவேன். கீழே கியாரி செயற்கைக்கோள் படம் பார்ப்பார். பாலைவனத்திலிருந்து கிளம்பும் தூசி அதில் இளஞ்சிவப்பாகத் தெரியும். சேர்ந்து வேலை பார்த்த முதல் பதினோரு வருடமும், அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன், படிக்கட்டின் அடியில் நின்று, "யாகனா, கிழக்கால எப்படி இருக்கு?" என்று கேட்பார். என் பதில் வரும்வரை பேனாவைத் திறக்க மாட்டார்.

பிறகு தலைநகர் நியாமேயில் படித்துவிட்டு ஜூல்தே வந்தாள். அவள் மாடு மேய்க்கும் ஃபுலானிக் கூட்டம், நாங்கள் கனூரிக் கூட்டம். இரு கூட்டத்துக்கும் கேலி முறை உண்டு. என்ன வேண்டுமானாலும் திட்டலாம். கோபப்பட்டால்தான் கேவலம்.

"ஏய் அடிமை, எஜமானி வந்திருக்கேன். எழுந்து நாற்காலியக் குடு."

"மாட்டுக்கு எதுக்கு நாற்காலி? வெளிய மரத்தடியில போய் நில்லு."

முதல் நாளே அவளும் கியாரியும் இப்படி. அலுவலகமே சிரித்தது. என்னையும் அவள் அடிமை என்றாள். நானும் பால்காரி என்றேன். என் வாய் மட்டும்தான் சிரித்தது. நான் கரைத்துக் கொடுத்த கம்மங்கூழைப் பாதியில் வைத்துவிட்டுப் போன மனிதர், அவள் பாலில் கரைத்துக் கொண்டுவந்ததை குடுக்கையின் அடிவரை வழித்துக் குடித்தார். கேட்டால், "முறைக்காரி கொடுத்தா மறுக்கக் கூடாது" என்பார். வீட்டில் பேசாத மனிதர் அவளோடு மணிக்கணக்கில் படத்தைப் பார்த்துப் பேசினார். முறைதானே என்று ஊர் சொல்லும். யாரிடம் போய்ச் சொல்வேன்?

அந்த ஜனவரிக் காலையில் வானம் முழுக்க உயரத்தில் மேகம் மூடியிருந்தது. ஏழே முக்காலுக்கு மாடியில் நின்றேன். பாறைக்குன்று தெரியவில்லை. கிழக்கு அடிவானத்தில் தூசி பழுப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. குறிப்பேட்டில் எழுதினேன். கீழே ஜன்னல் திறந்திருந்தது.

"இளஞ்சிவப்பு ஒரு பொட்டுகூட இல்ல. எல்லாம் செம்பழுப்பு, மேல் மேகம்" என்றாள் ஜூல்தே.

"மேகத்துக்கு அடியில தூசி ஒளிஞ்சிருந்தா?"

"அடிமை புத்தி! எங்க பாத்தாலும் எவனோ ஒளிஞ்சிருக்கான்."

கியாரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு படிக்கட்டின் அடிக்கு வந்தார்.

"யாகனா, கிழக்கால எப்படி?"

சொல்லியிருக்கலாம். அவள் தவறுவதை அவர் ஒருமுறை பார்க்கட்டும் என்று இருந்தது.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? எஜமானியைக் கேளுங்க!"

கீழே இருவரும் சிரித்தார்கள். மாடிக்காரி கேலி பேசுகிறாள் என்றால் வானம் தெளிவாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார் போலும். தூசி இல்லை என்ற அறிக்கையில் எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டார்.

எட்டரைக்குத் தண்ணீர்த் தொட்டியும் மறைந்தது. நியாமேயிலிருந்து வந்த சிறு விமானம் ஓடுபாதை தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. யாருக்கும் ஒன்றுமில்லை. தலைமையிடத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது, கியாரி பெயருக்கு. ஜூல்தே தானே போய், "படத்தைப் படிச்சது நான்" என்று அதிகாரியிடம் அழுதாள். கியாரி ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்து தன்னுடையது என்றார்.

விமானம் திரும்பிப் போன அன்று பிற்பகலே கியாரி என் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"ஏழே முக்காலுக்கே எழுதியிருக்கே."

"ஆமா."

"நான் கேட்டேனே?"

"கேலியாச் சொன்னேன்."

குறிப்பேட்டை மூடி என் முன்னால் வைத்தார். பிறகு சொன்னார்: "கேலி முறை உனக்கும் எனக்கும் இல்லையே, யாகனா."

மறுநாள் காலை, கீழிருந்து குரல் வரும் என்று மாடியில் காத்திருந்தேன். காலடிச் சத்தம்தான் வந்தது. அவரே ஏறிவந்து, என் பக்கத்தில் நின்று, கிழக்கே பார்த்துவிட்டு இறங்கிப் போனார். ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம், முழங்கால் வலியோடு, தினமும் ஏறினார்.

ஜூல்தே படத்தைப் பார்த்துச் சொன்னதை மட்டும் அவர் ஒருநாளும் சரிபார்த்ததே இல்லை.