சூளைக்கு ஐந்தாவது விதி

நாசரேத்தில் முப்பது வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்த தேவபிரசாதம், ஓய்வுபெற்று 1974-ல் தூத்துக்குடிக்குக் குடிவந்ததும் செய்த முதல் காரியம், யாரும் கேளாமலே இசக்கியம்மாளின் பானைச் சூளையில் தலையைக் கொடுத்தது. உடைமர விறகு கிடைப்பது அரிதாகிவிட்டது. சூளை நின்றால் அவள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். எண்ணெயில் எரியும்படி மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்தார். வாக்குக்கு மட்டும் அவரிடம் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

விரிசல்களை மண் பூசி அடைத்து, புகைபோக்கியைத் துடைத்து, எண்ணெய் டிரம்மைத் தள்ளி வைத்து, திறந்து மூட ஒரு வால்வோடு குழாய் இழுத்தார். பலகையில் நான்கு விதிகள் எழுதி மாட்டி, எழுத்துத் தெரியாத இசக்கியம்மாளை மனப்பாடம் செய்யவைத்தார். இரண்டாவது விதி: முதலில் தீப்பந்தம், பிறகுதான் எண்ணெய்.

பற்றவைக்கும் நாள் வந்தது. ஈரம் போக முந்தின நாள் மூட்டிய தீயின் சூடு செங்கல்லில் இன்னும் இருந்தது. ஜெபிக்காமல் சைக்கிளைக்கூட வெளியே எடுக்காத மனுஷர் அவர். எண்ணெய் வந்துசேர இரண்டு நிமிஷமாகும், அதற்குள் ஜெபத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, வால்வைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடினார். அவர் ஜெபம் இரண்டு நிமிஷத்தில் முடிந்ததாக நாசரேத்தில் சரித்திரமே இல்லை. இஸ்ரவேலரைச் செங்கடல் தாண்டவைத்து, துறைமுகத்துக் கப்பல்களுக்காக மன்றாடி, சூளைக்கு வந்துசேர்வதற்குள் தம் குரல் தமக்கே இனித்துவிட்டது.

ஆமென் சொல்லிப் பந்தத்தைக் கொளுத்தி நீட்டினார். ஒன்றும் பற்றவில்லை.

"குழாய்ல தூசி இருக்கும் போல," என்றார் அசடு வழிய.

"தூசி இல்ல சார். நீங்க கண்ண மூடின ஒடனே நாந்தான் வால்வப் பூட்டிட்டேன்," என்றாள் இசக்கியம்மாள். "ரெண்டாவது விதி நீங்கதான சொல்லித் தந்திய? ஜெபத்துல குறுக்க பேசக்கூடாதேன்னு சும்மா நின்னேன்."

அவர் சட்டென்று பந்தத்தைச் சூளையைவிட்டு விலக்கிப் பிடித்தார். அவள் பூட்டாமல் விட்டிருந்தால், சூடான செங்கல்லில் எண்ணெய் ஆவியாகிச் சூளையை நிறைத்திருக்கும். அதில் பந்தத்தை நீட்டியிருந்தால் சூளையும் போயிருக்கும், அவளும் போயிருப்பாள். அவர் மிச்ச ஜெபத்தைக் கர்த்தரிடம் நேரிலேயே சொல்லியிருப்பார். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்த முறை பந்தத்தை முதலில் உள்ளே வைத்துவிட்டு, வால்வை அவளையே திறக்கச் சொன்னார். தீ சாதுவாகப் பற்றியது.

அடுத்த வாரம் சூளையைப் பார்க்க வந்த பாதிரியாரான சபை ஐயர், பலகையில் ஐந்தாவது விதியை வாசித்துத் திடுக்கிட்டார்: வால்வைத் திறந்தபின் ஜெபிக்கக் கூடாது.

"எந்த அவிசுவாசி எழுதினது இது?"

இசக்கியம்மாள்மேல் பழிபோடவும் வழியில்லை. அவளுக்குத்தான் எழுதத் தெரியாதே.

"நாந்தான் ஐயரே," என்றார் தேவபிரசாதம். "அன்னைக்கு ஜெபத்துல கண்ணத் திறந்து வச்சிருந்தவ இவ ஒருத்திதான். அதனாலதான் ரெண்டுபேரும் உசிரோட நிக்கோம்."