தனி வீடும் ஒரு கிருதாவும்

குழாய்ல தண்ணி வரலன்னா ஊரே யாரைத் திட்டும்? என்னைத்தான். தண்ணி சப்ளை ஆபீஸ்ல புகார் போனை எடுக்கறது என் வேலை. பதினாறு வருஷமா, காலைல ஒம்போதுல இருந்து அஞ்சு மணி வரைக்கும், முகம் தெரியாதவங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கறேன். வீட்டுக்கு வந்தா அங்க என் புருஷன். முடி வெட்டற கடை வெச்சிருக்கார். அவருக்கு வாயும் கத்திரியும் ஒண்ணா ஓடணும். அவர் பேசுவார், நான் "உம்" கொட்டுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை என்கிட்ட மிச்சம் இருக்காது.

ஒரு நாள் தாங்காம சொல்லிட்டேன். "ஏங்க, ஊருக்கு வெளில ஒரு தனி வீடு வேணும். பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியக்கூடாது. ஆனா ஒரு மணி நேரத்துல நான் ஆபீஸ் சீட்ல இருக்கணும். இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

அவர் முகம் சுருங்கிச்சு. அடுத்த நிமிஷமே, "அதுக்கென்ன, பாத்துடலாம்"னார். வீட்டுத் தரகர் ஷேவிங்குக்கு வர்றதே இவர் கடைக்குத்தான். ஞாயிறுக்கு ஒரு வீடு பாக்கலாம்னு விலாசம் வந்துச்சு. புதன்கிழமை கடை லீவு. "வழி எப்படின்னு நான் முதல்ல பாத்துட்டு வந்துடறேன், நீ வீணா அலையாதே"ன்னு எப்பவும் தோள்ல தொங்கற கடைப் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். நம்ம மேல இவ்வளவு அக்கறையான்னு நானும் உருகிப் போயிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

முதல் வீடு தோப்புக்குள்ள. வீட்டுக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். "மழை பெஞ்சா முழங்கால் அளவு தண்ணி நிக்கும்மா"ன்னார். விக்கறவர் இப்படிச் சொல்றாரே, என்ன நேர்மைன்னு நினைச்சேன். ரெண்டாவது வீட்டுக்காரர் கோழிப்பண்ணை வெச்சிருந்தவர். "காலை ரயில் இங்க நிக்கறதே இல்ல"ன்னார். என் புருஷன் உச்சுக் கொட்டினார் பாருங்க, நடிப்புன்னா அது நடிப்பு.

மூணாவது வீட்டைப் பாத்ததும் எனக்குக் கால் நகரல. ஸ்டேஷனுக்கு நடக்க இருபது நிமிஷம், ரயில்ல முப்பத்தஞ்சு. என் ஆபீஸ் டவுன் ஸ்டேஷன் வாசல்லயேதான் இருக்கு. ரெண்டு ரூம், பின்னாடி ஒரு வராந்தா, சுத்திலும் புல்லு. காக்கா கூட யோசிச்சுட்டுத்தான் கத்துச்சு. அஞ்சு நிமிஷம் நின்னேன், யாரும் என்னை ஒரு கேள்வி கேக்கல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வீட்டுக்காரர் தனிக்கட்டை, நிலம் அளக்கற சர்வேயரா இருந்தவர். மகள்கிட்ட போயிடலாம்னு வீட்டை விக்கறார். தொண்டையைச் செருமிட்டு, "கிணத்துல சொட்டுத் தண்ணி இல்லம்மா. மூணு வருஷமா வறண்டு கிடக்கு"ன்னார்.

தண்ணி விஷயத்துல என்கிட்டயா கதை விடறது? குழாயை மூடி வெச்சுக்கிட்டுப் புகார் பண்றவனை நான் குரல்லயே பிடிச்சிடுவேன். கிணத்தடித் தொட்டியைப் பாத்தேன். தண்ணி வழிஞ்ச இடத்துல பச்சைப்பசேல்னு பாசி. மனுஷன் முகத்தைப் பாத்தேன். முடி புதுசா வெட்டியிருக்கு. இடது கிருதா சரியா இருக்கு. வலது கிருதா ஒரு அரிசி நீளம் கூட.

எங்க தெரு ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் அந்த வலது கிருதா உண்டு. வலது பக்கத்துக்கு வரும்போதுதான் என் புருஷனோட கதை சூடு பிடிக்கும், கவனம் போயிடும். வாத்தியாருக்கும் அதே கிருதா. கோழிப்பண்ணைக்காரருக்கும் அதே! எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

"சார், முடி யார் வெட்டினா?"

சர்வேயர் என் புருஷனைப் பாத்தார். என் புருஷன் வானத்தைப் பாத்தார்.

"புதன்கிழமை சார் வந்தாரும்மா. கிணறு வறண்டுடுச்சுன்னு சொல்லச் சொன்னார். முடியாதுன்னுட்டேன். அப்புறம், தலை ஏன் இப்படிக் கிடக்குன்னு கத்திரியை எடுத்தார். ரெண்டு மணி நேரம் பேசினார். என்கிட்ட அப்படி யாரும்மா பேசறாங்க? நானும் சரின்னுட்டேன்."

புருஷனை வராந்தாவுக்கு இழுத்துட்டுப் போனேன். "ஏங்க இந்தப் பொழப்பு?"

அவர் தலை குனிஞ்சுக்கிட்டார். "வீட்டுல எனக்குக் கிடைக்கறது உன் 'உம்' மட்டும்தான். தெருச் சத்தத்துல அது அவ்வளவா உறுத்தல. இங்க வந்தா நாள் பூரா அது ஒண்ணுதானே கேக்கும்? பயமா இருந்துச்சு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனாலும் கோவம் போகல. எதுக்குப் போகணும்?

"பையைக் குடுங்க. உக்காருங்க."

நாற்காலியில உக்கார வெச்சுத் துண்டைப் போத்தினேன். "உங்க கடைச் சட்டம் தெரியும்ல? கத்திரி பிடிச்சவங்க பேசுவாங்க. உக்காந்தவங்க வாயைத் திறக்கக்கூடாது."

வெட்டினேன். வெட்டிக்கிட்டே பேசினேன். தினமும் பதினொரு மணிக்கு போன் பண்ணி, "தண்ணி வருதும்மா, சும்மா சொன்னேன்"னு வெச்சிடற பெரியவர், என்னை நாயேன்னு திட்டிட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்டு அழுத பொம்பளை, அன்னிக்கு நான் பாத்ரூம்ல போய் நின்னது எல்லாத்தையும் சொன்னேன். முக்கால் மணி நேரம். அவர் "உம்" மட்டும் கொட்டினார்.

சர்வேயர் சிரிப்பை அடக்கிக்கிட்டுக் கண்ணாடி கொண்டு வந்தார். "சார், வீட்டை நாங்க எடுத்துக்கறோம்"னு அவர்கிட்ட சொல்லிட்டேன்.

என் புருஷன் தலை ஆடு மேஞ்ச மாதிரி இருந்துச்சு. கிருதா ரெண்டு பக்கமும் காணோம். நாளைக்குக் காலைல இந்தத் தலையோடதான் கடையைத் திறக்கணும், நல்லா வேணும்னு நினைச்சேன். அவர் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தார். திட்டுவார்னு காத்துக்கிட்டு நின்னேன்.

"அடுத்து எப்ப வெட்டுவே?"ன்னார்.