வடமேற்குப் பக்கம்

நெரீடா மேசைமேல் வைத்த கைபேசியின் திரை கறுப்பாக இருந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து டூகல் தன் பைக்குள் கையை விட்டுத் தேடினான்.

"என்னத்த துழாவுற?"

"சார்ஜர். உங்க ஃபோன் செத்துப் போச்சு."

"அது நல்லா உசுரோடதான் இருக்கு. வெளிச்சத்த அணைச்சு வெச்சிருக்கேன். கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கு வெளிச்சம்? உனக்கு வேணும்னா சன்னல் பக்கமா போய் உக்காரு."

கறுப்புக் கண்ணாடியில் கட்டைவிரலை ஒரு இழுப்பு இழுத்தாள். சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. அது பேச்சு என்று புரியவே டூகலுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல்தான். அலுவலகத்தில் அவனும் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறான், குழந்தைக்குச் சோறூட்டுகிற வேகத்தில். இவள் வைத்திருந்த வேகத்தில் ஒரு சொல்கூட அவனுக்குப் பிடிபடவில்லை. அவளோ அதைக் கேட்டுக்கொண்டே ஸ்கோன் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள், காலடியில் கிடந்த நாயை நகரச் சொன்னாள், கொல்லையில் ஆடு கத்தியதற்கு, "கேக்குதுடி, வரேன்" என்று பதில் கொடுத்தாள். அவன் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, அதை அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்ட மறுகணமே வெட்கமாகவும் இருந்தது.

டூகல் நகராட்சிக்குப் புதிய காட்டுத்தீ எச்சரிக்கைச் செயலி செய்கிறவன்; அதை இவளிடம் போட்டுப் பார்க்கத்தான் வந்திருந்தான். பத்து வருடம் ஈய உலையில் மண்வாரியோடு நின்று, முதுகு போனபின் இந்த வேலையைப் படித்தவன். அவன் அப்பாவும் அதே உலைதான். அந்த இரைச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்தினார்கள். முகத்தை அவர் பக்கம் திருப்பிப் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது அவர் பேசுவதையே விட்டிருந்தார்.

நெரீடாவின் கதை அவனுக்குத் தெரியும். நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று அவளே சொன்னதுதான். போன கோடையில் புகை நாற்றம் வந்ததும் பழைய செயலியைத் திறந்திருக்கிறாள். தீ எங்கே என்று காட்ட அதில் ஒரு வரைபடம் இருந்தது. குரல் அதைப் படித்தது: "படம்." மறுபடி தொட்டாள். "படம்." தீ முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு, நாயைக் கட்டிப் பிடித்தபடி குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துப் பண்ணைக்காரர் கிளெம் தப்பித்துப் போகும் வழியில் இவள் நினைவு வந்து, கதவைத் தட்டிக் கூட்டிப்போனார். அந்தக் கிளெமும் இப்போது பண்ணையை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

"என் மவ ப்ரையனி இன்னிக்கு வரா," என்றாள் நெரீடா. "அட்டப்பெட்டியோட. உன் ஆப்பு வேல செஞ்சா இந்தக் கோடைக்கு நான் இங்கதான். இல்லன்னா ஆட்ட வித்துட்டு, டவுன்ல அவ வீட்டு மூணாவது மாடியில போய்க் குந்திக்கணும். அதான் எங்களுக்குள்ள பேச்சு. இப்ப சொல்லு, வேல செய்யுமா?"

"சோதிக்கிற மென்பொருள்ல போட்டேன் நெரீடா. நூத்துக்கு நூறு குடுத்துச்சு."

"அந்த மென்பொருளு தொட்டியில உக்காந்திருக்கா?"

டூகல் மடிக்கணினியைத் திறந்தான். சோதனைப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினான். ஒத்திகைக்காக அதில் போன கோடைத் தீயின் விவரங்களையே ஏற்றியிருந்தார்கள். முதலில் நிபந்தனை அறிவிப்பு ஒன்று வரும், ஒப்புக்கொண்டால் மூடிக்கொள்ளும். அவள் ஒப்புக்கொண்டாள். குரல் நின்றது. விரலை இழுத்தாள். ஒன்றுமில்லை. மேலே, கீழே, ஓரத்தில். மறுபடி ஒன்றுமில்லை.

"இங்க ஒண்ணுமே இல்லையேப்பா."

டூகல் தன் மடிக்கணினியில் அதே பக்கத்தைப் பார்த்தான். எல்லாம் இருந்தது. சிவப்பாகத் தீ, அம்புக்குறியாகக் காற்று, பெரிய எழுத்தில் எச்சரிக்கை. "இருக்கே, நல்லா தெரியுதே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் கண்ணு நல்லா தெரியுது போல," என்றாள் அவள். "பாவம்."

தவறு எங்கே என்று அப்போது உறைத்தது. அறிவிப்பு திறந்திருக்கும்போது பின்னாலுள்ள பக்கத்தைக் குரலுக்கு மறைத்துவைக்கச் சொல்லி எழுதியவன் அவன்தான். இல்லாவிட்டால் குரல் இரண்டையும் கலந்து படித்துவிடும். மூடியபின் மறைப்பை எடுக்கச் சொல்லி எழுதவில்லை. ஒருமுறை ஒப்புக்கொண்டால் அந்த அறிவிப்பு மறுபடி வராது. அவன் என்றோ ஒப்புக்கொண்டுவிட்டான். அதற்கப்புறம் எத்தனை முறை சோதித்தாலும் அவன் நுழைந்தது திறந்த கதவு. புதிதாக வருகிறவருக்கு மட்டும், வந்த நிமிடத்திலேயே உலகம் காலி.

ஒரே பக்கம். அவனுக்கு நிரம்பி வழிகிறது, இவளுக்குப் பொட்டல். நடுவில் நிற்பது அவன் எழுத மறந்த ஒற்றை வரி. உலையில் இருந்த காலத்தில் உருகிய ஈயத்தைக் கிட்ட நின்று பார்த்தபோது வந்த அதே பயம் இப்போது வந்தது. தட்டச்சு செய்கிற விரல் நுனியில் ஓர் உயிரே இருக்கிறதா?

அந்த வரியை எழுதி ஏற்றினான்; அறிவிப்பு மறுபடி வரட்டும் என்று அவள் கொடுத்த ஒப்புதலையும் அழித்தான். "மறுபடி திறங்க. மொதல்லேர்ந்து. கொஞ்சம் மெதுவா வைங்களேன், நானும் கேக்கணும்."

"உனக்காக வேணா நொண்டுறேன்." வேகத்தைக் குறைத்தாள்.

அறிவிப்பு. ஒப்புதல். ஒரு கணம் நிசப்தம். டூகல் கண்களை மூடிக்கொண்டான். பிறகு குரல் நிதானமாகச் சொன்னது: "தீ. உங்கள் வீட்டிலிருந்து வடமேற்கே பதினோரு கிலோமீட்டர். காற்று உங்களை நோக்கி வீசுகிறது. தெற்குச் சாலை திறந்திருக்கிறது. இப்போதே கிளம்புங்கள்."

அவன் கண்ணைத் திறந்தபோது அவள் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்திருந்தாள்.

"பதினொண்ணா," என்றாள், யாரிடமோ போல. "அன்னிக்கு அது சுவத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதுன்னு நெனச்சேன்."

எழுந்தாள். கைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கம்பிவலைக் கதவை முழங்காலால் தள்ளி வெளித்தாழ்வாரத்துக்குப் போனாள். நாய் கூடப் போனது. கன்னத்தில் காற்றை வாங்கிக்கொண்டு மெல்லத் திரும்பி ஒரு இடத்தில் நின்றாள். டூகல் அந்த வரைபடத்தை மாதக்கணக்கில் வரைந்தவன். இந்த வீட்டில் வடமேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

கீழே வளைவில் ஒரு கார் கியர் மாற்றி மேடேறும் சத்தம். நாய் காதை நிமிர்த்தியது.

"ப்ரையனிதான்னு நெனைக்கிறேன்," என்றான்.

"அவ வண்டிதான். கிளட்ச்ச மிதிச்சே கொல்லுவா." முகத்தைத் திருப்பவில்லை. "அவ உள்ள வர்றதுக்குள்ள இன்னொரு தரம் போடறேன், கேளு."

குரல் மறுபடி தீ என்றது. அவள் முகம் நின்ற திசையை அவனும் பார்த்தான். வேலிக்கு அப்பால் சரிவு முழுக்கக் கரிந்த யூகலிப்டஸ் மரங்கள். கிளை என்று எதுவும் மிஞ்சாத அடிமரங்களில், தூரிலிருந்து உச்சி வரை, கரிக்கு நடுவிலிருந்தே பச்சைத் தளிர்கள் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன.