சாலைக்கு இருபுறமும் ஒரு சமாதானம்

இன்சீன் ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே, இந்தப் பக்க டீக்கடையில் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கக் கடையில் மரியஜோசப் மாமாவும் அவர் தங்கை இராஜகுமாரி அத்தையும். நான் பஸ்களுக்கு வழிவிட்டுச் செய்தி சுமந்துகொண்டிருந்தேன்.

என் அக்கா புஷ்பாவுக்கும் மாமாவின் மகன் ஜேசுராஜுக்கும் கல்யாணம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அப்பா சொல்லும் அம்மன் கோயிலிலா, மாமா சொல்லும் மாதா கோயிலிலா என்பதில்தான் இரண்டு வருடமாகச் சண்டை. ஒருவர் வீட்டுப் படியை மற்றவர் மிதிப்பதில்லை. இன்று முடியாவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்ப்பதாக அப்பா சொல்லிவிட்டார்.

இரண்டு கடை யோசனை என்னுடையது. மாலை வகுப்பில் கரீமா டீச்சர் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரைப் பாடமாக நடத்தினார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே இடத்தில் உட்கார மனமில்லாமல், இரண்டு ஊர்களில் இருந்தபடியே சமாதானம் பேசினார்களாம். அதை நம்பி இறங்கியது சரிதானா என்று காலையிலிருந்தே சந்தேகம். கத்தோலிக்க நாடான பிரான்ஸ் புராட்டஸ்டண்டுகள் பக்கம் சேர்ந்ததும் எனக்குப் புரியவில்லை. கத்தோலிக்கர் பக்கத்துக்குத் தலைமை தாங்கிய பேரரசரின் கை ஓங்கிவிடக் கூடாதென்றுதான், என்றார் டீச்சர். மதத்தை வைத்துத் தொடங்கிய போர் முடிந்தபோது பேரரசர் தளர்ந்திருந்தார், பிரான்ஸ் நிமிர்ந்திருந்தது. எழுதிக்கொண்டேன்; நம்பவில்லை.

"மாதா கோயில்தான். இல்லாட்டி டீயக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லு உங்கப்பன," என்றார் மாமா.

அத்தை டீயைச் சாஸரில் ஊற்றி ஊதினார். "அம்மன் கோயில்ல தாலி கட்டட்டும்ணே. அப்புறம் நம்ம மாதா கோயில்ல சாமியார் மந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ணட்டும்."

"வாரம் தவறாம மாதா கோயில் பூசைக்குப் போறவ பேசற பேச்சா இது?"

"பூசைக்குப் போறேன்தான். என் கல்யாணத்துலேருந்து எம்மக படிப்பு வரைக்கும் நீ சொன்னதுதான் நடந்துச்சு. இதையும் விட்டா, சாவற வரைக்கும் உன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுங்க குடியிருக்கப் போறது என் வீட்டு மாடியில, ஞாபகம் வச்சுக்க."

நான் நம்பாமல் எழுதிய பிரான்ஸ், என் கண் முன்னால் சாஸரை ஊதிக்கொண்டிருந்தது.

மாமா சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த அப்பாவைப் பார்த்தார்.

"அப்பாகிட்ட என்ன சொல்லட்டும் மாமா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம், நானே போய்ப் பேசிக்கிறேன். தபால்காரன் மாதிரி அலைஞ்சது போதும், உக்காரு."

என் கால்கள் அப்போதுதான் வலிக்கத் தொடங்கின. பையில் போன் அதிர்ந்தது, அக்காவின் அழைப்பு. எடுக்கவில்லை. மாமா தன் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டு, பஸ் ஒன்று கடந்துபோகச் சாலையோரம் காத்து நின்றார். அந்தப் பக்கம் அப்பா, டீ மேசையைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு ஸ்டூலுக்கு இடம் செய்துவிட்டு, அங்கே கிடந்த குடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.