பதினோரு காசுகளின் ஆளுநர்

மேதை என்பது அவனுக்கு அக்கா வைத்த பெயர். பாராட்டி வைத்ததல்ல. குளியலறைக் குழாயைத் திறந்துபோட்டு வந்துவிட்டால், "மேதை, கொஞ்சம் எந்திரிச்சு வர்றீங்களா?" என்பாள்.

கல்லூரியில் அவன் வரலாற்று ஆய்வு மாணவன். அவன் கொடுத்த முதல் தலைப்பு ரொம்பப் பெரியது என்று திரும்பி வந்தது. இரண்டாவது ரொம்பச் சின்னது என்று திரும்பி வந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மூன்றாவது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். இதுவும் ஊற்றிக்கொண்டால் ஆய்வு இடம் போய்விடும். "ஆய்வு பண்றேன்" என்று சொல்லி மூன்று வருடமாக ஒன்பது மணிவரை தூங்கிய உரிமையும் கூடவே போய்விடும்.

ஆனால் இந்தத் தடவை அவன் கையில் ஓர் ஆளுநர் இருந்தார்.

நூலகத்துக்குப் பின்னால், அருங்காட்சியகம் என்று பலகை மாட்டிய ஓர் அறை உண்டு. மூன்று கண்ணாடிப் பெட்டிகள், சுற்றாத ஒரு மின்விசிறி, முப்பத்து நான்கு பழைய வெள்ளிக் காசுகள். எல்லாம் எங்கெங்கோ ஆண்ட ராஜாக்களின் முகம் பதித்தவை. அவற்றில் பதினோரு காசுகளில், ராஜாவின் கன்னத்திலேயே, ஒரு பிறையும் மூன்று புள்ளியுமாகக் குட்டி முத்திரை ஒன்று கூடுதலாக அடித்திருந்தது.

அடித்து வெளியான காசின் மேல் ஏன் மறுபடி அடித்தார்கள் என்பது பெரிய மர்மமில்லை. சொந்தமாகக் காசு அடிக்க வழியில்லாத இடங்களில், கப்பலில் வந்த அயல் காசின் மேல், "இது இங்கே செல்லும்" என்று ஒரு குறி போட்டார்கள். ஆட்சி மாறியபோது, பழைய ராஜாவை உருக்கி வார்க்கப் பொறுமையில்லாத புது ராஜா, அவர் மூஞ்சியிலேயே தன் முத்திரையைக் குத்தினார். வெள்ளி சுத்தம்தான் என்று சோதித்த வியாபாரிகள் போட்ட குறியும் உண்டு. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்தப் பிறைதான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். அவனுக்குச் சந்தோஷம் வந்தது.

வரலாறு மறந்துபோன ஒரு துறைமுக ஆளுநரை அவன் உண்டாக்கினான். பிறை அவருடைய கொடி. முத்திரை கன்னத்தில் விழுந்தது அயல் அரசர்கள்மேல் அவருக்கிருந்த அலட்சியம். பதினோரு காசோடு நின்றுபோனது ஏன்? ஆட்சி திடீரென்று கவிழ்ந்திருக்க வேண்டும். காசெல்லாம் தேய்ந்து வழவழவென்று கிடக்க, முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோல் பளிச்சென்று இருந்ததே? அதை அவன் கவனிக்காமல் இல்லை. 'அக்காலக் கைவினைஞரின் உன்னதம்' என்று ஒரு பத்தி எழுதினான்.

புதன்கிழமை மதியம், பெரிதாக்கி அச்செடுத்த முத்திரைப் படத்தோடு அதே கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்குப் போனான். அக்கா அங்கேதான் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவிக்கொண்டிருந்தவள் படத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"இது எதுக்குடா உனக்கு?"

"நானூறு வருஷத்துக்கு முந்தின ஆளுநரோட முத்திரைக்கா."

"அப்படியா?" ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, மேசையிலிருந்த இடுக்கியை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "உங்க ஆளுநர் என் இடுக்கிய ஏன் பிடிச்சாரு?"

இடுக்கியின் தண்டில் பிறை. மூன்று புள்ளி.

"தற்செயலா இருக்கும்" என்றான் அவன். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"தராசுத் தட்டுலயும் தற்செயல் இருக்கு. ஸ்டூலுக்கடியில குனிஞ்சு பாரு, அங்கயும் இருக்கு. வா என்கூட."

பண்டக அறையின் பழைய இருப்புப் பதிவேட்டில் தேட அரைமணிகூட ஆகவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன், பொருள் காணாமல் போகிறதென்று, உலோகத்தால் ஆன அனைத்திலும் பிறையும் மூன்று புள்ளியுமாகக் கல்லூரிக் குறி குத்தச் சொல்லி உத்தரவு. அப்போதைய பண்டகக் காப்பாளர் கடமை தவறாதவர். அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'வெள்ளிக் காசு, 34. குறி இட்டது, 11. நூலகர் ஓடிவந்து கூச்சலிட்டபடியால் நிறுத்தப்பட்டது.'

ஆட்சி கவிழ்ந்தது என்று எழுதினானே, அது மட்டும் சரி.

"மேதை, இப்ப என்ன பண்ணப் போறே?" அக்கா சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தெரியலக்கா."

"பேசாம இருந்தா யாருக்கும் தெரியாது. இந்த நோட்ட நாப்பது வருஷமா எவனும் தொடல. உன் இஷ்டம்."

அவன் பதிவேட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். காட்டவா, ஒளிக்கவா என்று பைக்கும் தெரியாது.

வியாழக்கிழமை ஆளுநரைப் பற்றி இருபது நிமிடம் பேசினான். நன்றாகவே பேசினான். அவன் சொல்லக் கேட்டு அவனுக்கே ஆளுநர்மேல் மரியாதை வந்தது. அவனுடைய ஆய்வு நெறியாளர் அம்மையார் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா இருக்கு தம்பி. ஒரே ஒரு சந்தேகம். இந்த முத்திரை வேற எங்கயாவது கெடைச்சிருக்கா?"

'இல்லை' என்றால் முடிந்தது. ஒரு சொல். நெறியாளர் ஏற்கெனவே படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். அவன் கண்தான் துரோகம் செய்தது. அது தேர்வாளரின் தோளுக்குப் பின்னால், இரும்பு நாற்காலியின் முதுகுப் பட்டைக்கு நேராகப் போய் நின்றது.

"கெடைச்சிருக்கு சார்."

"எங்க?"

"நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியில."

தேர்வாளர் எழுந்தார். நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். நெறியாளர் பேனாவை மூடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவன் பதிவேட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, மேசையில் வைத்தான்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து மதியம்."

"தெரிஞ்சுமா இருபது நிமிஷம் பேசினீங்க?"

"மனப்பாடம் பண்ணிட்டேன் சார். வீணாப் போகுதேன்னு..."

நூலகர் கூச்சலிட்ட வரியில் தேர்வாளரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அடக்கிக்கொண்டு, "சரி, கேக்கிறேன். இந்தக் காப்பாளரு எதுக்குக் காசுல அடிச்சாரு?" என்றார்.

"எல்லாரும் அடிச்ச அதே காரணம்தான் சார். எங்கிருந்தோ வந்தது, இனிமே இங்கத்தது, கை வைக்காதேன்னு. என்ன, அவங்களுக்கெல்லாம் கேள்வி கேக்க நூலகர் இல்ல."

யாரும் கைதட்டவில்லை. தலைப்பு நிராகரிக்கப்பட்டது. ஆய்வு இடம் மட்டும் தப்பியது: மூன்று மாதத்தில், நிஜமாகவே வாழ்ந்த ஆட்களை வைத்து ஒரு தலைப்பு கொண்டுவர வேண்டும்.

அலுவலகத்தில் எழுத்தர் அவன் படிவத்தை வாங்கி, முத்திரைக் கட்டையைச் சிவப்பு மையில் தோய்த்து ஓங்கி ஒரு குத்து குத்தினார். 'திருத்தி மீண்டும் அளிக்கவும்.' சரியாக 'ஆளுநர்' என்ற சொல்லின் மேல்.

"புதுப் படிவம் ஒண்ணு தர முடியுமாண்ணே? இது அசிங்கமா இருக்கு."

எழுத்தர் நிமிரவில்லை. அடுத்தவருடைய காகிதத்துக்குக் கையை நீட்டினார்.

"புதுசெல்லாம் ஸ்டாக் இல்ல தம்பி. அதான் முத்திரை போட்டாச்சே, இதுவே செல்லும்."